தலைமாட்டில் நின்றவள்

எங்கள் மலையில் ஆம்புலன்ஸ் வேனுக்குத் தொண்டு செய்ய ஆள் வேண்டும் என்று பங்குச் சாமியார் பூசை முடிந்து அறிவித்தபோது, முதலில் எழுந்து பெயர் கொடுத்தது நான்தான். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. மனசுக்குள் மட்டும் அவ்வப்போது சொல்லிப் பார்ப்பேன்.

வேன் என்றால் புது வேன் இல்லை. ஆலங்காயத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வண்டி. சாமியாரும் ஜமுனாமரத்தூர் கடைக்காரர்கள் சிலரும் சேர்ந்து அதை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்ட்ரெச்சரும் ஆக்சிஜன் சிலிண்டரும் பொருத்தினார்கள். அரசு ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் வரத்தான் செய்யும். ஆனால் மலையில் எத்தனையோ ஊர்களுக்கு வண்டிப் பாதையே கிடையாது. அடிபட்டவரைப் போர்வையில் கிடத்தி, மூங்கிலில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரைக்கும் வர வேண்டும். எலும்பு உடைந்தவரை எப்படித் தூக்குவது, ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று தூக்குகிறவர்களுக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் நாங்கள். பாதை இருக்கிற வரைக்கும் வேன், அதற்கப்புறம் நடை. தோளில் முதலுதவிப் பை.

என் வீட்டுக்காரர் ஜமுனாமரத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். புளி சீசனில் பிக்கப் வண்டியும் ஓட்டுவார். கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி என்பதால் அவரையே டிரைவராகப் போட்டார்கள். என் காரணம் வேறு. நான் நர்சிங் படிக்க ஆசைப்பட்டவள். இடமும் கிடைத்தது. அந்த வருஷம் பார்த்து அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த எனக்கு, சாமியாரின் அறிவிப்பு என் ஒருத்திக்காகவே சொன்னதுபோல் இருந்தது.

மாதா கோவில் ஹாலில் பயிற்சி நடந்தது. கீழேயிருந்து ஒரு நர்ஸம்மா வந்து சொல்லிக்கொடுத்தார். முக்கோணத் துணியில் கை தொங்கல் கட்டுவது, பொம்மையின் நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுப்பது, முதுகில் அடிபட்டவரை மரப்பலகையில் உருட்டி ஏற்றுவது. நான் கட்டிய கட்டைத்தான் நர்ஸம்மா எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "பாருங்க, இப்டி இருக்கணும்" என்றார். அன்று முழுக்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

பயிற்சி தொடங்கி ஒரு நாள் கழித்துத்தான் அவள் வந்து சேர்ந்தாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். சாமையும் கேழ்வரகும் விதைக்கிற குடும்பம். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். களை எடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள் போல, கால் முழுக்கச் செம்மண். அவள் முறை வந்ததும் பொம்மையின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, அதன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னா சிஸ்டரு, ஊரு பேரு தெரியாத ஆளு வாயில வாய வெக்கச் சொல்றீங்க. எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா நான் எங்க போவேன்?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நர்ஸம்மா சிரித்தார். சாமியார் சிரித்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தெரிந்து என் பேச்சுக்கு அவர் அப்படிச் சிரித்ததில்லை. அவளை எனக்கு அன்றைக்கே பிடிக்காமல் போய்விட்டது.

ஆண்களும் பெண்களுமாக ஒரு கும்பலே பெயர் கொடுத்திருந்தோம். நாளாக நாளாக வேலை வெட்டி என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் வேனில் நிலையாக நின்றது மூன்றே பேர். ஓட்ட என் வீட்டுக்காரர், பின்னால் நானும் அவளும்.

புளி உலுக்குகிற காலத்தில்தான் எங்களுக்குப் பெரிய வேலை முதன்முதலாக வந்தது. மரத்திலிருந்து விழுந்த ஆள். நாங்கள் போனபோது மரத்தடியில் மல்லாந்து கிடந்தார். சுற்றிலும் புளியம்பழம் சிதறிக் கிடந்தது. அவருடைய தம்பிமார்கள் ஆளுக்கொரு கையும் காலும் பிடித்துத் தூக்கத் தயாராக நின்றார்கள். "யாரும் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அப்படித் தூக்குவதே அவரை முடமாக்கிவிடும். பலகையைக் கொண்டுவரச் சொன்னேன். கழுத்து அசையாமல் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்தேன். யார் எங்கே பிடிக்க வேண்டும், எப்போது உருட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யவைத்தேன். "இன்னாம்மா இது, பள்ளிக்கூடத்துல சொல்ற மாதிரி சொல்லிக்கினு கீற, ஆளு போய்டுவான் போலக்குதே" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அவள் இதில் எதையும் செய்யவில்லை. தலைமாட்டில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அந்த ஆளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்க மரமா, பங்காளி மரமா?"

"எங்க... எங்க மரம்தான்."

"எத்தினி பேருக்குப் பங்கு கீது? உன் தம்பி பக்கம் பழம் நல்லா செவப்பா கீதே, உன் பக்கம்தான் நோஞ்சானா காச்சிக்கீது."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஆள், "அதெல்லாம் இல்ல, எம் பக்கம்தான் இனிப்பு" என்றார். ஆஸ்பத்திரி வரைக்கும் இதே பேச்சுத்தான்.

அவர் பிழைத்தார், நடக்கவும் செய்தார். டாக்டர், "நல்லவேளை, சரியாக் கொண்டாந்தீங்க" என்றாராம். சில மாதம் கழித்து வாரச் சந்தையில் அவரைப் பார்த்தேன். கோலை ஊன்றிக்கொண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எனக்குத்தான் நன்றி சொல்ல வருகிறார் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். என்னைத் தாண்டிப் போய் வெங்காயக் கடையில் நின்ற அவளிடம் ஒரு பாட்டில் மலைத்தேனை நீட்டினார். "உங்க பேச்சுதாங்க அன்னிக்கி என்ன உசுரோட வெச்சிச்சு" என்றார். திரும்பும்போது என்னைப் பார்த்து, "நல்லா கீறீங்களா டீச்சர்?" என்றார்.

அந்தப் பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் மலை முழுக்க ஆம்புலன்ஸ் அக்கா. நான் டீச்சர். வேனுக்குக் கொடுத்திருந்த நம்பர் என்னுடைய ஃபோன் நம்பர். மணி அடிக்கும். எடுப்பேன். அந்தப் பக்கம் அழுகையும் சத்தமுமாக இருக்கும். எந்த ஊர், என்ன ஆயிற்று என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "அந்த அக்கா வருவாங்களா?" என்பார்கள். "வருவாங்க" என்று சொல்வேன். சொல்லும்போது நாக்கு கசக்கும்.

பொறாமை என்றால் ஏதோ நெஞ்சில் இருக்கிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது வயிற்றில்தான் வந்தது. பச்சை மிளகாயை வெறும் வயிற்றில் தின்றமாதிரி ஓர் எரிச்சல். வேனில் அவள் ஏறியதும் ஆரம்பிக்கும். திரும்பி வரும் வழியில் அவள் முன்சீட்டுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ஏதாவது சொல்லுவாள். தன் மாமியார் கரடிக்குப் பயந்து பலாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்த கதை, இப்படி ஏதாவது. என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். நான் பின்னால் ரத்தக்கறை பட்ட விரிப்பை மடித்துக்கொண்டிருப்பேன். அவர்களுக்குள் தப்பாக எதுவும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தப்பு இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவளைப்போல் பேசிப் பார்த்தால் என்ன என்றும் ஒரு தடவை முயற்சி செய்தேன். அவள் வராத ஒரு நாள், அரிவாளில் கையைக் கிழித்துக்கொண்ட பெரியவர் ஒருவருக்குக் கட்டுப் போடப் போயிருந்தேன். கையை உயர்த்திப் பிடித்துக் காயத்தை அமுக்கிக்கொண்டே, "இன்னாங்க, சாமைக் கதிர அறுக்கச் சொன்னா கைய அறுத்துக்கினீங்க?" என்று சிரித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்துக்கும்மா சிரிக்கிற? எனக்கு உசுரு போவுது" என்றார்.

அதோடு விட்டுவிட்டேன்.

பிறகுதான் அந்தப் பிரசவம். மழை இல்லாத ஒரு முற்பகல். ஒரு மலைக் கிராமத்திலிருந்து தலைப்பிரசவக்காரி ஒருத்தியை டோலியில் ரோட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினோம். பாதி மலை இறங்கியபோது அந்தப் பெண் கத்திய கத்தல் வேறு மாதிரி இருந்தது. பார்த்தேன், குழந்தையின் தலை தெரிந்தது. "வண்டிய நிறுத்துங்க!" என்றேன். வீட்டுக்காரர் வளைவைத் தாண்டி ஓரம் கட்டி, இறங்கிப் போய்ச் சிவப்புத் துண்டை ஆட்டி மேலே ஏறி வந்த பஸ்ஸை நிறுத்தினார்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. இழுக்கக் கூடாது, தாங்கிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் மண்டையில் ஓடியது. தலை வெளியே வந்ததும் பார்த்தேன், தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. விரலை உள்ளே விட்டுக் கொடியை மெல்லத் தளர்த்தித் தலைக்கு மேலாகக் கழற்றினேன். தோள் வந்தது, பிறகு முழுசாக வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்தது. பெண். அழவில்லை. நீலம் பாரித்திருந்தது. உலர்ந்த துணியால் முதுகைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே, "மாதாவே, மாதாவே" என்றேன். திடீரென்று ஒரு விக்கல், அப்புறம் ஒரு வீறிடல். வெளியே பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். குழந்தையை அம்மாவின் நெஞ்சின்மேல் போட்டுப் போர்த்தினேன். கொடியை அறுக்காமல் அப்படியே ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தோம்.

இதெல்லாம் நடந்தபோது அவள் வழக்கம்போல் தலைமாட்டில் இருந்தாள். அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தோடு முகம் குனிந்து, "என்னப் பாரு, என்ன மட்டும் பாரு, ஊது, இன்னும் ஊது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று எனக்குள் இருந்த மிளகாய் எரிச்சல் எல்லாம் போய்விட்டது. மனசு பஞ்சு மாதிரி இருந்தது. வேனைக் கழுவும்போது அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்காரர், "நீதான் இன்னிக்கி டாக்டரு" என்றார்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் எங்கள் மூவரையும் கூப்பிட்டார்கள். புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். பாயில் எங்களை முன்னால் உட்கார வைத்தார்கள். குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்லிவிட்டு, அந்தப் பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க பேருதாங்க அக்கா வெச்சிருக்கோம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. மல்லாந்து படுத்திருந்தவள் பார்த்தது ஒரே ஒரு முகத்தைத்தான். நான் இருந்த பக்கத்தை அவள் பார்க்கவேயில்லை. இது அன்றைக்கே எனக்குப் புரிந்தது. புரிந்ததால் எதுவும் குறையவில்லை. இலையில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு, கை கழுவப் போகிறேன் என்று எழுந்து போய் மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வீட்டுக்காரர் கேட்டார்.

"இன்னா, மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு வர்ற?"

"ஒண்ணும் இல்ல."

"கொழந்த நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் கீது. அதுக்கு இன்னா கொறச்சல்?"

அவர் என்னைப் பார்த்தார். புரிந்ததோ இல்லையோ, நடையை எட்டிப் போட்டார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் என் கால் உடைந்தது. பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை நான் தனியாகவே செய்தேன். அவளுக்கு வயலில் வேலை, எனக்கு அவள் இல்லாத ஓர் இடம் தேவையாக இருந்தது. மத்தியானம் ஒரு கிராமத்துக்கு இறங்கும் வழியில், ஓடையைத் தாண்டும்போது பாசிப் பாறை வழுக்கிவிட்டது. விழும்போதே சத்தம் கேட்டது. காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. தோல் கிழியவில்லை.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி, "நீட்டி இழுத்து உட்டா சரியாப் போவும்" என்று காலைப் பிடிக்க வந்தாள். இன்னொருத்தி நல்லெண்ணெய் எடுத்து வர ஓடினாள். "தொடாத! கைய எடு! யாரும் கிட்ட வராதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் எல்லாரும் பின்வாங்கித் தூரத்தில் நின்றுவிட்டார்கள். ஃபோனை ஒருத்தியிடம் தூக்கி எறிந்து வீட்டுக்காரருக்குப் பேசச் சொன்னேன். பிறகு ஈரப் பாறையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கிடந்தேன். வலியைவிடப் பயம் அதிகமாக இருந்தது. என்னென்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும் அல்லவா. எலும்பு நரம்பைக் குத்தலாம், ரத்த ஓட்டம் நிற்கலாம், தூக்குகிறவர்கள் ஆட்டினால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

மேட்டில் வேன் ஹாரன் கேட்டது. சரிவில் முதலில் இறங்கி வந்தது அவள்தான். வயலிலிருந்து அப்படியே வேன் ஏறி வந்திருக்கிறாள், புடவை முழங்கால் வரை சேறு. பின்னால் ஸ்ட்ரெச்சரோடு என் வீட்டுக்காரர், முகம் வெளிறிப்போய்.

அவள் என் காலைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பயப்படாதே என்று சொல்வாள், ஏதாவது வேடிக்கை பேசுவாள் என்று எதிர்பார்த்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எனக்குக் கை ஓடல" என்றாள். "இந்த மாதிரிக் கால நான் கட்டினதே இல்ல. நீயே சொல்லு. நீ சொல்லச் சொல்ல நான் கட்டுறேன்."

"கட்டத் தெரியாதா? இத்தினி நாளா இன்னா கத்துக்கினே நீ?"

"திட்றத அப்புறமா திட்டு. மொதல்ல இன்னா பண்ணணும்?"

சொன்னேன். இரண்டு நேரான குச்சி வேண்டும் என்றேன். அவள் கொண்டுவந்த குச்சி குட்டையாக இருந்தது, வேறு கொண்டு வா என்றேன். குச்சிக்கும் காலுக்கும் நடுவில் துண்டை மடித்து வை என்றேன். உடைந்த இடத்துக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு, முழங்கால் அசையாமல் இன்னொன்று.

"முடிச்சு எலும்பு மேல வரலாமாக்கா?"

"வரலாமா வரலாமான்னு கேட்டுக்கினு... வெளிப்பக்கமாப் போடு! குச்சி மேல வரணும்!"

"இறுக்கமா?"

"ரொம்ப இறுக்காத. கட்டி முடிச்சிட்டு வெரலத் தொட்டுப் பாரு, சூடா கீதான்னு."

"சூடாத்தான் கீது. நீ ஆட்டிக் காட்டு."

ஆட்டிக் காட்டினேன். அப்போதுதான் கட்டு முடிந்துவிட்டது என்றே எனக்குத் தெரிந்தது. காலைத் தூக்கித் துண்டை அடியில் நுழைத்தது, குச்சியைச் சேர்த்தது, எல்லாம் நடந்துவிட்டிருந்தது. வலித்திருக்கத்தான் வேண்டும். நான் மேஸ்திரி வேலையில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

வேனில் படுக்கவைத்தார்கள். அத்தனை நாள் அந்த வண்டியில் போய்வந்திருந்தும் அதன் கூரையை நான் பார்த்ததே இல்லை. ஒரு மூலையில் பெயின்ட் உரிந்து பழைய மஞ்சள் நிறம் தெரிந்தது. வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் அவள் முகம் என் முகத்துக்கு மேலே தலைகீழாகத் தெரிந்தது. வேறு எதையும் பார்க்க வழியில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே போகும்போது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. போன மாதம் ஆடு மேய்க்கிற ஒருவருடைய காலுக்கு இதே கட்டை இவள் தன்னந்தனியாகக் கட்டியிருந்தாள். நான் கடையிலிருந்து வருவதற்குள் கட்டி முடித்து வேனில் ஏற்றியிருந்தாள். நான் பார்த்துக் குறை கண்டுபிடிக்க முயன்றும் ஒன்றும் அகப்படவில்லை.

தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள். புளியமரத்துக்காரரிடம் மரத்தைப் பற்றிக் கேட்டதுபோல, என்னிடம் கட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் என் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில் வேன் என்னை விட்டுவிட்டுப் போய்வந்தது. கடைவாசலில் அது கிளம்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த மிளகாயைத் தின்றுகொண்டிருந்தேன். அவள் சந்தை நாட்களில் வருவாள். சாமைச் சோறும் பூசணிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்காருவாள். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கிக் கட்டத் தெரியாதுன்னு சொன்னியே, பொய்தான?"

மறைக்கக்கூட முயலவில்லை. சிரித்துவிட்டாள்.

"பின்ன? ஓடைக்கு அந்தாண்ட இருந்தே நீ கத்துறது கேக்குது. அந்தப் பொம்பளங்கள எல்லாம் கதிகலங்க வெச்சிருந்த. உங்கிட்ட வந்து பயப்படாதக்கான்னு சொன்னா கடிச்சிருப்ப. ஒரு வேல குடுத்தேன், அடங்கிட்ட."

"யாருக்கு இன்னா குடுக்கணும்னு உனக்கு எப்டித் தெரியுது?"

"இன்னாத்தத் தெரியுது? மூஞ்சியப் பாப்பேன். அவ்ளோதான்." வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேற எங்க பாக்கவும் எனக்குப் பயம்க்கா. ரத்தத்தப் பாத்தா தல சுத்தும். காயம் இல்லாத ஒடசல்னா கட்டிடுவேன். காயம்னா முடியாது. அதான் எப்பவும் ஓடிப் போய்த் தலமாட்டுல நின்னுக்குவேன். கீழ நீ கீறன்னு ஒரு தைரியம்."

"அந்தப் பிரசவத்தப்ப?"

"அய்யோ, நான் கண்ணத் தொறந்ததே அந்தப் பொண்ணப் பாக்கத்தான். புள்ளைய எடுத்தது நீதான்னு அவங்க வூட்ல எத்தினியோ வாட்டி சொன்னேன். இந்தப் பேரு வேணாம்னும் சொன்னேன். கேட்டாத்தான."

அவள் போனபிறகு எனக்கு அற்பமாக ஒரு சந்தோஷம் வந்தது. ரத்தத்தைப் பார்க்கப் பயப்படுகிற ஆம்புலன்ஸ் அக்கா! மலையில் ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். அந்தச் சந்தோஷம் சோறு உண்ணும் வரைக்கும்கூட நிற்கவில்லை. நான் செய்வதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. பயந்து ஓடிப்போய் ஒளிந்துகொண்ட இடத்தில் நின்று அவள் செய்வதை யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்? முன்பு அவளுக்குக் கிடைத்த பேரைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை. அவள் கைக்குள் ஒருதரம் இருந்து பார்த்தபிறகு, பேரை விட்டுவிட்டு அந்த ஆளையே பார்த்துப் பொறாமைப்பட ஆரம்பித்தேன். இது இன்னும் மோசம். பேர் என்றாவது கைமாறலாம்.

கால் கூடியதும் மறுபடி வேனில் ஏறினேன். நானாகவே ஓர் ஏற்பாடு செய்தேன். காயம் என்றால் அவள் கேட்காமலேயே கீழ்ப்பக்கம் போய் நான் உட்கார்ந்துகொள்வேன், அவள் தலைமாட்டுக்குப் போவாள். அவளுடைய ரகசியத்தை இதுவரை யாரிடமும், வீட்டுக்காரரிடம்கூட, சொன்னதில்லை. நல்ல மனசால் என்று நினைக்க வேண்டாம். அவளிடம் இருப்பதில் எனக்கென்று தனியாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

போன வருஷம் அமிர்திப் பக்கம் அடிவாரத்து ஊர்க்காரர்கள் எங்களைப்போல் ஒரு வண்டி வாங்கினார்கள். தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் இருவரையும் அழைத்தார்கள். சொல்லிக்கொடுத்தது எல்லாம் நான்தான். கரும்பலகையில் படம் போட்டேன், ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கட்டுப் போடவைத்தேன். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து பாதி நேரம் தூங்கினாள். டீ கொடுத்ததும் எழுந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வாசலருகே பெண்கள் எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் டம்ளரை ஆட்டி ஆட்டிக் கரடிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவர்களோடு நின்றிருந்த என் வீட்டுக்காரரும், எத்தனையோ முறை கேட்ட கதைதான், சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனார்.

நான் மேசைமேல் கிடந்த துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒருத்தி வந்து நின்றாள். ஒல்லியாக, சிரிக்காத முகமாக, என் வயசில் இருப்பாள். பயிற்சியின்போது எல்லாரும் சரியென்று விட்டபிறகும் தன் கட்டைத் தானே அவிழ்த்து அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தவள்.

"மேடம், அந்தக் கால் கட்டு இன்னொரு தபா காட்றீங்களா? எனக்குத் திருப்தியா வரல. நீங்க போட்ட மாதிரியே எனக்கு வரணும்."

உட்காரச் சொன்னேன். அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். துண்டு, குச்சி, மேல் கட்டு, கீழ்க் கட்டு. அவள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு எங்கே வர வேண்டும் என்று நான் சொல்லுமுன் அவளே சொன்னாள். நான் தலையாட்டினேன். அவள் முகத்தில் முதல்முறையாகச் சின்னதாய் ஒரு சிரிப்பு வந்தது.

எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் குச்சியைப் பிடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் வாசல் பக்கம் பார்த்தேன், ஆம்புலன்ஸ் அக்கா இதைப் பார்க்கிறாளா என்று. அவள் பார்க்கவில்லை. கதையில் மாமியார் மரத்தின் உச்சிக்குப் போயிருந்தாள், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டை அவிழ்த்து, "இன்னொரு வாட்டி நீங்களே கட்டுங்க" என்று அந்தப் பெண்ணிடம் துணியைக் கொடுத்தேன்.